பேயை எடுத்துவிட்ட பிரதி

1

காலை ஆறு ஐம்பது. சன்னல் திரையை விலக்கியதும் முதலில் கண்ணில் பட்டது என் பீட்டாமேக்ஸ் வீடியோ டெக். வாசலுக்கு வெளியே நடைபாதையில், இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளுக்கு நடுவே மழையில் நனைந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி ஏழரைக்கு வரும். இரவு உடுப்போடு இறங்கிப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் பால் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். தெருவில் குப்பை பொறுக்கும் முதல் ஆசியக் குடும்பம் என்று நினைத்திருக்கலாம்.

"அதை ஏன் திரும்ப உள்ள கொண்டாறீங்க?" என்றாள் புஷ்பம். என் மனைவி. ஊர் பண்டாரவளை.

"ஓடுற மெசினைக் குப்பையில போடுவாங்களா?"

"ஒங்களுக்கு மட்டுந்தான் ஓடுது. அந்த கேசட்டெல்லாம் இப்ப எந்தக் கடையில இருக்கு? பேயை வளர்க்குறதுக்கு வேற எடம் பாருங்க. இந்த வீட்ல மனுசருக்கே எடம் பத்தல."

அவள் சொன்னதில் தவறான தகவல் எதுவும் இல்லை. லண்டனின் இந்தப் பகுதியில் பீட்டாமேக்ஸ் கேசட் வாடகைக்குக் கொடுத்த கடைசிக் கடையும் போன வருடத்தோடு எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் கொட்டி விற்றுவிட்டது. இப்போது எல்லாம் வீ.எச்.எஸ். என்னிடம் இருப்பவை பெரும்பாலும் பேய்ப்படங்கள், அதிலும் தணிக்கைக்காரர் கை வைத்தவை. படுக்கையறை அலுமாரியின் கீழ்த்தட்டில் என் சட்டைகள் இருக்கவேண்டிய இடத்தில் அவை இருக்கின்றன.

டெக்கைத் துவாயால் துடைத்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். காய்வதற்கு முன் மின்சாரம் கொடுத்தால் கெட்டுவிடும். அது கெட்டுவிடக்கூடாது என்பதற்கு அந்த வாரம் ஒரு காரணம் இருந்தது. கோத்தகிரியிலிருந்து கலா எழுதியிருந்தாள்.

கலா என் அக்காவின் மகள். வயது இருபது. அக்கா இறந்தபோது அவள் ஐந்து வயதுக் குழந்தை. "மாமா, அம்மா ஒரு சினிமாவில் வந்தார்களாம், அந்தப் படம் உங்களிடம் இருக்கிறதாம், அப்பா சொல்கிறார். எனக்கு அம்மாவின் முகம் ஞாபகம் இல்லை. ஒரு காப்பி போட்டு அனுப்ப முடியுமா? பக்கத்து வீட்டில் வீ.எச்.எஸ். டெக் இருக்கிறது. பீட்டா இங்கே யாரிடமும் இல்லை."

2

படக்காரர்கள் நமுனுகுலவுக்கு, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு, வந்தது அறுபத்தேழில். கொழும்பிலிருந்து இரண்டு வேன், ஒரு ஜீப். படத்தின் பெயரை எழுதினாலும் உங்களில் ஒருவருக்கும் நினைவு வராது. இலங்கையில் எடுத்த தமிழ்ப் படம், கறுப்பு வெள்ளை, பதுளையில் ஒரு வாரம் ஓடியது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியைப் பாறையிலிருந்து தள்ளிவிட்டுக் கொல்கிறார்கள். பனி இறங்கும் நேரங்களில் அவள் தான் வேலை செய்த மலைக்குத் திரும்பி வருகிறாள். அவளைக் கண்டு சனம் ஓடுகிறது. கதை அவ்வளவுதான்.

பேயாக நடிக்கக் கொழும்பிலிருந்து வந்த நடிகை, ஈரப் பாறையையும் அதன் ஓரத்துப் புல்லில் நெளிந்த அட்டைகளையும் பார்த்தார். திரும்பப் போய் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டார். டைரக்டர் எங்கள் கங்காணியிடம் வந்தார்.

"இந்தப் பாறையில செருப்பு இல்லாம நடக்கக்கூடிய பொம்பள யாராவது இருக்காங்களா?"

கங்காணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்க செருப்போட நடக்குற பொம்பளதாங்க இல்ல."

உயரமும் தலைமுடியும் பார்த்து அக்காவைத் தேர்ந்தார்கள். பெயர் சிவபாக்கியம், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் பாக்கியம். கல்யாணமாகி மூன்று மாதம். வெள்ளைச் சேலை கட்டி, கொண்டையை அவிழ்த்து, முகத்தில் மாவு பூசி நிறுத்தினார்கள். அவள் புருசன் பெரியசாமி மச்சான் கவ்வாத்துக் கத்தியோடு ஓரமாக நின்று பார்த்தார்.

"கட்டி மூணு மாசத்துல என் பொஞ்சாதியப் பேயாக்கிப்புட்டாங்களே."

"ஒங்களோட மூணு மாசம் இருந்ததுக்கு இது தேவல," என்றாள் அக்கா.

அவள் பாறை விளிம்பில் நடக்க வேண்டும். முடிவில் நின்று, திரும்பி, கமராவைப் பார்க்க வேண்டும். சிரிக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் திரும்பியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஒரு தடவை சிரிக்காமல் திரும்பினாள். எனக்கு இருபது வயது, பக்கத்தில்தான் நின்றேன், அந்தப் பார்வை என் கழுத்துக்குப் பின்னால் குளிராக இறங்கியது. எடுத்து முடிந்ததும் டைரக்டர், "என்ன நினைச்சும்மா அப்படிப் பார்த்த?" என்று கேட்டார்.

"கொழுந்து நிறுக்க நேரமாச்சேன்னு நெனச்சேங்க. கூடை இன்னும் ரொம்பல."

அடுத்த நாள் லயத்துச் சனம் முழுவதையும் மலையில் நிறுத்தி ஓடவைத்தார்கள். அப்பா ஓடினார். சித்தப்பா ஓடினார். கோயில் பூசாரி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினார். அக்கா அன்று அவர்களுக்கு எதிரே இல்லை. அவள் ஒன்பதாம் நம்பர் மலையில் வேலையில் இருந்தாள். யாரும் இல்லாத பாறையைப் பார்த்துப் பயந்து ஓடும்படி டைரக்டர் சொன்னார், ஓடினார்கள்.

3

அறுபத்தொன்பதில் படம் பதுளைக்கு வந்தபோது நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் சேர்ந்திருந்தேன். லீவு போட்டுவிட்டு வந்தேன். நமுனுகுலவிலிருந்து லயத்துச் சனம் ஒரு லொறியில் வந்து இறங்கியது. பெரியசாமி மச்சானின் மடியில் கலா தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா எனக்கும் மச்சானுக்கும் நடுவில் இருந்தாள்.

தணிக்கைச் சபை அந்தப் படத்தில் இரண்டு இடங்களை வெட்டியிருந்தது. ஒன்று கொலை, மற்றது ஒரு குழந்தையின் தொட்டில் தானாக ஆடுவது. பாறைக் காட்சியை விட்டுவைத்திருந்தார்கள். பேய் விளிம்பில் நடந்துவந்து திரும்பியதும், முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்று கத்தினாள்.

"ஏய், நம்ம பாக்கியம்டி!"

கொட்டகை முழுக்கச் சிரிப்பும் விசிலும். "பாக்கியம், கூடை எங்கடி?" என்று இன்னொருத்தி. பதுளை டவுன் ஆட்கள் எதுவும் புரியாமல் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் என்ன சத்தம் வந்தது என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, விரல்களின் இடைவெளியால் தன்னைப் பார்த்தாள். தணிக்கைச் சபை பேயை விட்டுவைத்தாலும் எங்கள் லயம் அதைப் பேயாக இருக்க விடவில்லை.

நான் அந்தக் காட்சியைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எழுபத்து மூன்றில் அவர்கள் போனார்கள். மச்சானின் குடும்பம் இந்தியக் குடியுரிமைக்கு எழுதியிருந்தது. நாங்கள் இலங்கையிலேயே இருக்க எழுதியிருந்தோம். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்களை இரண்டு நாடுகள் பிரித்து எடுத்துக்கொண்டன. பதுளை ரயில் நிலையத்தில் அக்கா அழவில்லை. "அங்கயும் தேயிலைதானாம்டா, பெருசா வித்தியாசம் இருக்காது," என்றாள். மறு வருடம் நீலகிரியில், இரண்டாவது பிரசவத்தில் இறந்தாள். குழந்தையும் தங்கவில்லை. செய்தி எனக்குப் பதினைந்து நாள் கழித்து வந்தது.

அவள் படம் ஒன்றுதான் இருந்தது, பாஸ்போட்டில் ஒட்டியது. மண்டபம் முகாமில் இறங்கிய வாரத்து மழையில் டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, அந்த முகம் கரைந்துபோனது என்று மச்சான் எழுதியிருந்தார். வேறு படம் எங்கள் குடும்பத்தில் யாரிடமும் இல்லை. எழுபதுகளில் நான் பதுளை நிருபராகத் திரும்பி வந்து, மந்திரிகளையும் மண்சரிவுகளையும் கமராவில் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அக்கா இருந்த காலத்தில் என்னிடம் கமரா இல்லை.

4

எண்பதுகளின் தொடக்கத்தில் பதுளை பஜாரில் வீடியோக் கடை வைத்திருந்தவரை ஜப்பார் நானா என்று வைத்துக்கொள்வோம். பெயர் அதுவல்ல. முன்னால் துணிக்கடையாக இருந்த இடம். புடவை அளக்கும் மேசையில் இரண்டு டெக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் காப்பி எடுத்துக்கொண்டிருப்பார். தோட்டங்களில் திருவிழா, சடங்கு, கல்யாணம் என்றால் டீவி, டெக், ஜெனரேட்டர், மூன்று கேசட் எல்லாம் ஒரே வாடகைக்கு லொறியில் ஏறும். அந்த மூன்றில் ஒன்று பேய்ப்படமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சனம் சண்டைக்கு வரும்.

ஒரு நாள் நான் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கணக்கப்பிள்ளை வந்தார். கையில் குடை, முகத்தில் கோபம்.

"நானா, நீங்க குடுத்த படத்தப் பாத்துட்டு ஒரு பொம்பள மேமலைக்கு வரமாட்டேங்குறா. காலையில பேர் கூப்புடுற பெரட்டுல பாதிப் பேர் இல்ல. தொர என்னயப் போட்டு வாங்குறாரு."

"அதுக்கு நான் என்னா செய்ய? பேயைக் கூப்பிட்டு ஏசட்டா?"

"பேய எடுத்துட்டுக் குடுங்க."

"பேய்ப்படத்துல பேய எடுத்தா மிச்சம் என்னா இருக்கு?"

"பாட்டு இருக்குல்ல. பாட்டப் பாக்கட்டும்."

ஜப்பார் நானா என்னைப் பார்த்தார். நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். கணக்கப்பிள்ளை, "இதையெல்லாம் பேப்பர்ல போட்றாதீங்க" என்றார். போட்டேன், மூன்றாம் பக்கத்தில் சின்னதாக வந்தது.

பேயை எடுப்பதற்கு ஜப்பார் நானா கண்டுபிடித்த முறை எளிமையானது. டெக்கிலிருந்து டெக்குக்கு இரண்டு வயர்கள் போகும், ஒன்றில் படம், மற்றதில் சத்தம். கேசட்டை நிறுத்திப் போட்டால் படம் துள்ளும், டீவியில் கோடு கோடாக ஓடும், பார்க்கிறவன் காசைத் திரும்பக் கேட்பான். ஆகவே பேய் வரும்போது அவர் நிறுத்துவதில்லை. படம் போகும் வயரை மட்டும் பிடுங்குவார். பேய் போனதும் திரும்பச் செருகுவார். திரை இருண்டிருக்கும், சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். இப்படிச் செய்தவற்றைத் தோட்டத்துக்குப் போகும் பிரதி என்று தனி அலுமாரியில் வைத்தார். டவுனுக்குக் கொடுப்பது வேறு அலுமாரி.

இதனால் பெரட்டுக்கு ஆள் கூடியதா என்று அடுத்த மாதம் லுணுகலைக்குப் போய்க் கேட்டேன். கூடையைத் தலைப்பட்டியில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னாள்: "முன்னாடின்னா பேயி எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுச்சுங்க. இப்ப இருட்டுக்குள்ள சத்தம் மட்டும் கேக்குது. வெளிச்சம் வந்தா ஆளுக ஓடுறாக. எங்கேருந்து ஓடுறாகன்னு தெரிய மாட்டேங்குது. நம்ம பக்கத்துலயும் நிக்கலாம்ல?" மேமலைக்கு அந்த வாரம் ஆண்களைத்தான் அனுப்பினார்கள்.

எங்கள் படம் ஜப்பார் நானாவிடம் வந்தது எண்பத்து மூன்றின் முற்பகுதியில். கொழும்பில் யாரோ பழைய சுருளைப் போட்டு பீட்டாவில் பதிந்திருந்தார்கள். நான் துள்ளிக் குதிக்காத குறை. ஆடி மாதம் நமுனுகுலவில் திருவிழா, லயத்தில் போட்டுக் காட்டுகிறோம், எனக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள் நானா என்றேன்.

"அதுக்கென்னா தம்பி, செஞ்சி வைக்கிறன்."

யூலையில் ஒரு வெள்ளிக்கிழமை கடதாசியில் சுற்றிய கேசட்டைத் தந்தார். என்னிடம் டெக் கிடையாது. பதுளையில் என் மாதிரியான ஆட்கள் ஒருவரிடமும் கிடையாது. திருவிழாவில் எல்லோருடனும் பார்க்கலாம் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

திருவிழா நடக்கவில்லை. அடுத்த வாரம் தமிழருக்கு எதிரான கலவரத்தில் பஜார் எரிந்தது. ஜப்பார் நானாவின் கடைக் கட்டிடம் ஒரு தமிழருடையது, அதுவும் எரிந்தது. இரண்டு அலுமாரிகளும் போயின. நான் பார்த்ததை எழுதி அனுப்பினேன், அச்சில் வரவில்லை. அந்த நாட்களில் எந்தச் செய்தியும் வெட்டுப்படாமல் வரவில்லை.

5

எண்பத்து நான்கில் ஹீத்ரோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் என் பெட்டியைத் திறந்தார். இரண்டு சட்டை, புஷ்பத்தின் மிளகாய்த்தூள், அம்மன் படம், ஒரு கேசட். மிளகாய்த்தூளை முகர்ந்து தும்மினார். கேசட்டைத்தான் கையில் எடுத்தார்.

என்ன படம் என்று கேட்டார். பேய்ப்படம் என்றேன். உண்மையைச் சொன்னது தவறு என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அந்த வருடம் இந்த நாட்டில் பேய்ப்பட கேசட்டுகள் குழந்தைகளைக் கெடுக்கின்றன என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. கடைக்காரர்களை வழக்குக்கு இழுத்தார்கள், பாராளுமன்றத்தில் சட்டம் கொண்டுவந்தார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. எந்த மொழி, எந்த ஊர், யார் எடுத்தது, ரத்தம் இருக்கிறதா, நிர்வாணம் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டார். என் ஆங்கிலம் பத்திரிகை ஆங்கிலம், பேசிப் பழகியதல்ல. பேயாக வருவது யார் என்று கேட்டபோது என் சகோதரி என்றேன். அவர் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். புஷ்பம் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கேசட்டைப் பரிசோதனைக்கு வைத்துக்கொண்டார்கள். அதற்காக நான்கு தடவை எழுதினேன், இரண்டு தடவை நேரில் போனேன். ஒரு தடவை தவறான கட்டிடத்தில் அரை நாள் வரிசையில் நின்றேன். அந்த வருடம் குடியேற்ற அலுவலகத்துக்கு நான் கொடுத்த கடதாசிகளைவிட இது கொஞ்சம்தான் குறைவு. கடைசியில் திருப்பித் தந்தார்கள். ஆட்சேபத்துக்குரிய எதுவும் இதில் இல்லை என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி.

மறு வருடம் ஒரு பழைய பீட்டாமேக்ஸ் டெக் வாங்கினேன். கேசட்டைப் போட்டு, புஷ்பத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நமுனுகுல வந்தது. பனி இறங்கியது. பாறை தெரிந்தது. திரை இருண்டது. இருட்டுக்குள் காற்றுச் சத்தமும் ஒரு பெண்ணின் குரலும். பிறகு வெளிச்சம் வந்தபோது அப்பா ஓடினார். சித்தப்பா ஓடினார். பூசாரி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார்.

ஜப்பார் நானா தன் தொழிலை ஒழுங்காகச் செய்திருந்தார். லயத்துக்குப் போகும் கேசட், ஆகவே வயரைப் பிடுங்கியிருந்தார். அந்தப் பேய் என் அக்கா என்று நான் அவரிடம் சொல்லவில்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை. திருவிழாவில் அவரையும் அழைத்து, அவர் முன்னால் சனம் "நம்ம பாக்கியம்டி" என்று கத்தும்போது தெரிந்துகொள்ளட்டும் என்று வைத்திருந்தேன்.

அந்தக் கேசட்டில் எங்கள் லயம் முழுவதும் இருக்கிறது. இப்போது உயிரோடு இல்லாத எத்தனையோ பேர் முகம் தெளிவாகத் தெரிகிறது. எல்லோரும் அக்காவைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள். அவள் மட்டும் இல்லை.

6

ஏன் தணிக்கையான பேய்ப்படங்களைச் சேர்க்கிறாய் என்று இங்குள்ள நண்பர்கள் கேட்கிறார்கள். சிலர் என் மூளையைப் பற்றிப் புஷ்பத்திடம் தனியாக விசாரித்திருக்கிறார்கள். அந்த டெக்கை ஒரே ஒரு கேசட்டுக்காக வாங்கினேன், அந்தக் கேசட் ஏமாற்றியது. டெக் வீட்டில் இருந்தது, நானும் இருந்தேன். புதிய சட்டம் வந்ததும் கடைகள் வெட்டப்படாத பிரதிகளை வந்த விலைக்குத் தள்ளின. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் வாங்கினேன். பிறகு அதே படத்தின் வெட்டிய பிரதி வீ.எச்.எஸ்ஸில் வரும், அதையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பேன். பத்திரிகையில் இருந்தவனுக்கு அது பழகிய வேலை. எங்கே வெட்டினார்கள் என்பதைக் கண்ணைவிடக் காது சொல்லும், இசை ஓரிடத்தில் ஒரு அடி தாண்டும். படத்தை எடுத்துவிட்டுச் சத்தத்தை விட்டுவைத்தவர் ஜப்பார் நானாவைத் தவிர ஒருவரையும் நான் காணவில்லை.

வெட்டப்படாத எங்கள் படம் எங்காவது இருக்கும் என்று கொழும்புக்கும் சென்னைக்கும் எழுதினேன். எடுத்தவர் இறந்துவிட்டார். சுருள்கள் இருந்த கிடங்கைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். கிடைக்கவில்லை.

டெக் காய்ந்த பிறகு, வீ.எச்.எஸ்ஸுக்குக் காப்பி எடுத்துத் தரும்படி என் மகள் தர்ஷினியைக் கேட்டேன். பதினொரு வயது. இங்கே வந்தபோது ஆறு. வயர்கள் அவளுக்குத்தான் தெரியும். இரண்டு டெக்குகளுக்கும் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பேய்ப்படம் என்றால் அவளுக்குச் சிரிப்பு. என் சேகரிப்பில் ஒன்றைக் கூட முழுதாகப் பார்த்ததில்லை. "அப்பா, எல்லாம் தக்காளி சோஸ்" என்பாள்.

"இதெல்லாம் யாரு?"

"நம்ம லயத்து ஆட்கள்."

"லயம்னா?"

"ஒரே கூரைக்குக் கீழ வரிசையா வீடு. ஒரு சுவர்தான் ரெண்டு வீட்டுக்கும்."

அவள் எங்கள் வீட்டுச் சுவரைத் தட்டிக் காட்டினாள். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் இருமினார். "இது மாதிரியா?"

அதற்குள் திரை இருண்டது.

"வயர் லூஸ்," என்று குனிந்தாள். பிடுங்கிச் செருகப் போனாள்.

"வயரைத் தொடாத. அது அப்படித்தான்."

ஜப்பார் நானாவைப் பற்றிச் சொன்னேன். பெரட்டு, கணக்கப்பிள்ளை எல்லாவற்றையும் என்னால் முடிந்த அளவு விளக்கினேன். அவள் தமிழும் என் ஆங்கிலமும் நடுவில் எங்கேயோ சந்தித்தன. திரையில் வெளிச்சம் திரும்பி, எல்லோரும் ஓடி முடிந்த பிறகும் அவள் டெக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது உங்க அக்கான்னு அவர்ட்ட சொல்லியிருந்தா புடுங்கியிருக்க மாட்டார், இல்ல?"

"மாட்டார்."

"ஒரு வார்த்தைதானே அப்பா."

அவள் குற்றம் சாட்டவில்லை. கணக்குக் கேட்பது போலத்தான் கேட்டாள். புஷ்பம் சமையலறையிலிருந்து, "அந்த மெசினை நாளைக்காவது வெளிய வைக்கலாமா?" என்றாள். தர்ஷினி, "வேணாம்மா, இருக்கட்டும்," என்றாள். அவளும் நானும் ஒரே பக்கம் நின்ற சம்பவங்கள் குறைவு என்பதால் இதைப் பதிந்துவைக்கிறேன்.

கேசட்டோடு கலாவுக்கு ஒரு கடிதம் வைக்க வேண்டியிருந்தது. நீளமாக எழுதி எழுதிக் கிழித்தேன். பிறகு செய்தி எழுதும் முறையில் எழுதினேன். படத்தில் பாறை வந்ததும் திரை இருண்டுவிடும். அங்கேதான் உன் அம்மா வருகிறாள். முகம் இந்தப் பிரதியில் இல்லை. வேறு பிரதி கிடைக்கவில்லை. மன்னித்துக்கொள்.

7

மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைபேசி அடித்தது. கோத்தகிரிக் கடைத்தெருவில் ஒரு தொலைபேசிக் கூண்டிலிருந்து கலா. அவள் பேச்சு இன்னும் நமுனுகுலப் பேச்சாகவே இருந்தது. அவளுக்கு நினைவில்லாத ஊரின் பேச்சு.

"மாமா, படம் வந்துச்சு. பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரங்க, எங்க லைன்ல எல்லாரும் வந்துட்டாங்க."

"முகம் இல்லையேம்மா."

"நீங்க எழுதுன மாதிரியே இருட்டாச்சு மாமா. நான் அழுதுருவேன்னு அப்பா எந்திரிச்சு நிறுத்தப் போனாரு. அப்பதான் அந்தக் கொரல் வந்துச்சு. அப்பா அப்படியே நின்னுட்டாரு. 'ஒங்கம்மாடி'ன்னாரு." அவள் மூச்சு வாங்கினாள். "ஒங்கம்மாடி, ஒங்கம்மாடின்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தாரு. நாலு தடவை திருப்பிப் போடச் சொன்னாரு. இருங்க, அவர்ட்ட குடுக்குறேன்."

பெரியசாமி மச்சானின் குரலைக் கேட்டுப் பதினாறு வருடம். கிழவர் குரலாகியிருந்தது.

"மாப்ள, அவளேதான்யா. 'வாங்கடி'ன்னு கடைசியில ஒரு இழுப்பு இழுக்குறா பாரு, நிறுவைக்குப் போகயில அப்படித்தான் கூப்புடுவா. எனக்குத் தெரியாதா?"

"ம்."

"அன்னிக்கிக் கொட்டாயில இந்த முண்டைங்க போட்ட கூச்சல்ல ஒண்ணும் கேக்கல. மொகம் இல்ல மொகம் இல்லன்னு எழுதுனியே, கொரல் இருக்குன்னு ஏன்யா எழுதல?"

"மறந்துட்டேன் மச்சான்."

"படிச்சவன் நீ. இதப் போயி மறப்பியா?" என்று சிரித்தார். சிரிப்பு நடுவில் உடைந்தது. கலா வாங்கிக்கொண்டாள்.

"அந்த எடத்த மட்டும் டேப்ரெக்கார்டர்ல பதிஞ்சு வெச்சிருக்கேன் மாமா. பாட்டு கேசட்ல, ஒரு பக்கம் பூரா. காலையில வேலைக்குப் போகுமுன்னாடி ஒரு தடவை போட்டுக் கேக்குறேன். எனக்கும் ஞாபகம் வர்ற மாதிரி இருக்கு. சின்னதுல கேட்ட கொரல்தானேன்னு."

நேரம் முடிகிறது என்று கூண்டுக்காரர் தட்டுவது கேட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். தர்ஷினியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். வைத்துவிட்டாள்.

படத்துக்குக் குரல் சேர்த்தது கொழும்பில். பேய்க்குக் குரல் கொடுத்தவர் வெள்ளவத்தையில் இருந்த ஒரு வானொலி நாடக நடிகை. படம் வெளிவந்த வாரம் அவரைப் பேட்டி கண்டேன். என் பெயரோடு அச்சான முதல் கட்டுரை அது.